விளக்குக்கூடும் நீர்மூழ்கியும்: மேடைப்பொருள் செய்வோரின் கலை பற்றி

நாடகம் முடிந்து வீடு திரும்பும் வழியிலே நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்? நடிகனின் குரலைப் பேசுகிறோம். ஆசிரியனின் கருத்தைப் பேசுகிறோம். அரங்கக் கலையைச் சற்றுக் கற்றவர்களாயின் நெறியாளரின் ஆற்றலையும் பேசுகிறோம். அரசனின் தலையிலிருந்த முடியைச் செய்தவன் யார், இரண்டாம் காட்சியிலே வெட்டுண்டு வீழ்ந்த தலையைக் கடதாசிக் கூழிலே வனைந்தவள் யார் என்று கேட்பவர் அரியர். விமர்சகரும் கேட்பதில்லை. மூளையால் உழைப்போனுக்கு ஒரு மதிப்பும் கையால் உழைப்போனுக்கு வேறொரு மதிப்பும் வழங்கும் சமுதாய வழக்கம் அரங்கினுள்ளும் புகுந்து, திரைக்குப் பின்னால் ஒரு கீழ்த்தட்டை உண்டாக்கி வைத்திருக்கிறது.

இம்மேடைப்பொருள் செய்வோர் அரங்கைவிட்டு வெளியேறி, பாடசாலையிலும் ஊர்மண்டபத்திலும் பிள்ளைகளோடு நிலத்தில் அமர்ந்து, ஊருக்கென ஒரு கலைநிகழ்வை ஆக்கும் முயற்சி பிரித்தானியாவிலே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. அதைப் புகழ்ந்தோர் பலர், எடைபோட்டோர் சிலர். ‘பிள்ளைகள் செய்தவை, ஆகையால் அழகானவை’ என்னும் கனிவு ஒரு புறம். ‘இது கைவேலை, கலையன்று’ என்னும் அலட்சியம் மறுபுறம். இவ்விரண்டுமே விமர்சனமாகா. இத்தகைய முயற்சியை எந்த அளவுகோலால் அளப்பது என்னும் வினாவை எழுப்பி, அதற்குரிய விடையை ஒரு குழுவின் வரலாற்றிலிருந்து பெற முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இத்தொழிலின் இயல்பை விளங்கிக்கொள்ள வேண்டும். சிற்பியின் படைப்பு நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்க விரும்புவது. மேடைப்பொருளோ சில இரவுகள் நின்றாற் போதுமானது. மேடையிலுள்ள பாறை பாறைபோலத் தோன்ற வேண்டும். ஆனால் ஒரு நடிகன் ஒற்றைக் கையால் தூக்கத்தக்கதாய் இருக்க வேண்டும். கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் அது தெரிய வேண்டும். ஆகவே பழைய பத்திரிகை, மாப்பசை, கம்பி, பிரம்பு, சாக்கு, அட்டை என மலிந்த பொருள்களே இக்கலைஞரின் மூலதனம். பளிங்கிலே தவறிப்பட்ட உளி பட்டதுதான். கடதாசிக் கூழிலே நேர்ந்த தவறின்மேல் இன்னொரு தாளை ஒட்டிவிடலாம். பெரிய உருவமொன்றைச் செய்யப் பல கைகள் வேண்டும். செய்து முடித்த பின்னரும் அதைத் தூக்கி நடக்க ஆட்கள் வேண்டும். மலிவு, பிழை பொறுக்கும் தன்மை, கூட்டுழைப்பு ஆகிய இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பதனாலேயே இத்தொழில் பிள்ளைகளின் கைக்கு இயல்பாக வந்து சேர்கிறது. எட்டு வயதுப் பிள்ளை தன் ஆற்றலை எவருக்கும் நிரூபிக்காமலே இதனுள் நுழையலாம்.

நாம் எடுத்துக்கொள்ளும் குழுவின் பெயரிலேயே ஒரு குத்தல் உண்டு. ‘வெல்பெயர் ஸ்டேட்’, அதாவது ‘பொதுநல அரசு’ என்று அது தனக்குப் பெயர் சூட்டிக்கொண்டது. பின்னாளில் ‘இன்டர்நஷனல்’ என்னும் சொல்லும் அப்பெயரோடு சேர்ந்தது. 1968ஆம் ஆண்டிலே ஜோன் பொக்ஸ், சூ கில் ஆகியோரும் அவர்தம் தோழர்களும் வட இங்கிலாந்தில் அதனைத் தொடங்கினர். சிற்பிகள், இசைஞர், பொறியியல் நாட்டமுள்ளோர், மேடைப்பொருள் செய்வோர் எனப் பலதிறத்தார் அதில் இருந்தனர். 1970களில் பேர்ன்லி என்னும் ஆலை நகரின் பழைய குப்பைமேட்டிலே வண்டி வீடுகளில் வாழ்ந்து, கழிவுப் பொருள்களைக்கொண்டு திறந்தவெளி நிகழ்வுகளை ஆக்கினர். 1976 முதல் 1981 வரை ‘தீயில் பாராளுமன்றம்’ என்னும் பொருள்படும் நிகழ்வைச் சில நகரங்களில் நடத்தினர். பாராளுமன்றத்தின் மாபெரும் மாதிரியுருவைக் கட்டிப் பொதுமக்கள் முன்னிலையில் எரிப்பதே அந்நிகழ்வு. அரங்கின் கீழ்த்தட்டிலிருந்த மேடைப்பொருளே இங்கு நாடகத்தின் தலைமைப் பாத்திரமாயிற்று என்பது கவனிக்கத்தக்கது.

1979இல் இக்குழு அல்வர்ஸ்டன் என்னும் சிறு சந்தை நகரிலே குடியேறியது. ஊர்சுற்றிக் காட்டும் கூத்துக்கு ஒரு எல்லையுண்டு. வந்தவர் போய்விடுவர், வியப்பும் அவரோடு போய்விடும். ஓரிடத்தில் வேரூன்றியபோதே அவர்களது தொழில் கற்பிக்கும் தொழிலாகவும் மாறத் தொடங்கியது. 1982இல் யப்பானுக்குச் சென்ற பொக்ஸ் அங்கு கடதாசி விளக்குகளின் ஊர்வலத்தைக் கண்டார். அடுத்த ஆண்டிலே, 1983இல், அல்வர்ஸ்டனின் முதலாவது விளக்கு ஊர்வலம் நடந்தது.

செய்முறை மிக எளிது. வெசாக் கூடு கட்டியறிந்த நமது பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. மூங்கிற் சிலாகைக்குப் பதிலாக அங்கே வில்லோ மரத்தின் வளையும் இளங்கொம்புகள். நான்கு கொம்புகளால் அடிச்சதுரம், மூலைகளிலிருந்து எழுந்து உச்சியிலே கூடும் வேறு நான்கு கொம்புகள், மூட்டுகளிலே ஒட்டுநாடா. நீர் கலந்த பசையிலே தோய்த்த ரிசுக் கடதாசியைச் சட்டத்தின்மேல் விரித்தால், உலரும்போது அது பறைத்தோல்போல் இறுகும். உள்ளே ஒரு மெழுகுதிரி. இவ்வளவே. ஆயினும் இதைச் செய்யும் பிள்ளை கற்பது சிறிதன்று. சதுரச் சட்டம் ஆடும், முக்கோணச் சட்டம் ஆடாது என்னும் உண்மையைக் கரும்பலகையில் அல்ல, தன் விரல்களிலே அது கண்டறிகிறது. ஈரத்தில் கிழியும் தாள் உலர்ந்தபின் காற்றைத் தாங்குவதைக் காண்கிறது. பகலிலே கோணலாகத் தோன்றிய தன் கூடு, இரவிலே நூற்றுக்கணக்கான கூடுகளுக்கிடையே ஒளியோடு அசையும்போது அக்கோணலே அதற்கு உயிராவதையும் காண்கிறது.

நகரின் வெவ்வேறு திசைகளிலிருந்து புறப்பட்டு வந்து ஒன்றுகூடும் ஒளியாறுகளாக அவ்வூர்வலம் அமைந்தது. ஆண்டுதோறும் அது நடந்தது. அதில் நாம் சிறப்பாகக் கருதுவது காட்சியின் அழகையன்று. இவ்வாண்டு வீதியோரம் நின்று பார்த்தவன் அடுத்த ஆண்டு கூடு தூக்கி நடப்பதற்குத் தடையெதுவும் அதில் இல்லை. சீட்டு வாங்கியவன், வாங்காதவன் என்ற பிரிவு இல்லை. செய்யும் நுணுக்கமும் மறைக்கப்படவில்லை. அதே 1983இல் ரொனி கோல்ட், பாஸ் கேர்ஷோ ஆகியோர் தொகுத்து வெளியிட்ட ‘கற்பனையின் பொறியியலாளர்’ என்னும் பொருள்படும் கைந்நூல், இக்குழுவின் பாவையாக்கம், விளக்காக்கம், தீவேலை முதலிய நுட்பங்களை எவரும் கற்கத்தக்க வகையில் எடுத்துரைத்தது. தொழில் இரகசியத்தைப் பூட்டிவைத்து விலைபேசும் சந்தை உலகிலே இது சிறு செயலன்று.

எனினும் முற்போக்கு நோக்குடைய வாசகர் ஒருவர் இவ்விடத்தில் நம்மை இடைமறிப்பார், இடைமறிக்கவும் வேண்டும். ‘ஊர் முழுவதும் விளக்கேந்தி நடந்தது, நல்லது. அந்த ஊரில் வேலையில்லாதோர் எத்தனை பேர்? விளக்கு அவர்களுக்கு எதைக் காட்டியது? எவரையும் நோகச் செய்யாத கலை எவரையேனும் அசைக்குமா?’ இவ்வினாவை நாம் ஒதுக்கிவிட முடியாது. இக்குழுவினரும் ஒதுக்கவில்லை. அல்வர்ஸ்டனிலிருந்து ஏறத்தாழ ஒன்பது மைல் தொலைவிலேதான் பரோ நகரம் இருக்கிறது.

பரோ கப்பல் கட்டும் தொழிலாளரின் நகரம். பிரித்தானியாவின் முதலாவது அணுசக்தி நீர்மூழ்கி 1960இல் அங்கேதான் நீரில் இறக்கப்பட்டது. 1980இல் தச்சர் அரசு திரைடன்ட் அணு ஏவுகணைகளை வாங்கத் தீர்மானித்ததும், அவற்றைச் சுமக்கும் நீர்மூழ்கிகளைக் கட்டும் வேலையும் அந்நகரையே சேர்ந்தது. ஒரே வாயிலினூடாக ஊரின் உணவும் உலகின் அழிவும் வெளிவந்தன. உழைக்கும் மக்களின் வாழ்வில் முதலாளித்துவ அரசு திணிக்கும் முரண்பாட்டை இதைவிட அப்பட்டமாகக் காட்டும் இடம் அரிது.

1983இல், முதல் விளக்கூர்வலம் நடந்த அதே ஆண்டில், இக்குழு பரோவின் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு ஒரு திரைப்படத்தை ஆக்கியது. கவிஞர் ஏட்ரியன் மிச்சல் எழுதிய ‘கிங் றியல்’ என்னும் அப்படைப்பு, சேக்ஸ்பியரின் லியர் மன்னன் கதையை அணுயுகத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தது. அணுவாயுதத்துக்கு எதிரான அதன் நிலைப்பாடு ஐயத்துக்கு இடமற்றது. ஆனால் நீர்மூழ்கியாலே உண்டு வாழ்ந்த ஊரில் பலருக்கு அது கசந்தது. அயலிலிருந்து வந்த கலைஞர் தம் சோற்றில் மண்ணைப் போடுகின்றனர் என்று தொழிலாளி எண்ணினால் அதில் வியப்பில்லை.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் விரைந்து ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ‘விளக்கு வாழ்ந்தது, அரசியல் தோற்றது, ஆகவே கலைஞன் அரசியலை விட்டுவிட்டு விளக்குக் கட்டட்டும்’ என்பது அம்முடிவு. இதனை நாம் முற்றாக மறுக்கிறோம். அணுகுண்டை எதிர்த்தது தவறன்று. அன்றும் சரி, இன்றும் சரி. தவறு வேறோர் இடத்தில் இருந்தது. அங்கே கைகள் பரோவினுடையவை. கருத்து வெளியிலிருந்து வந்தது. மன்னனுக்கும் புதல்வியருக்கும் நேர்ந்த வீழ்ச்சியைச் சொல்லும் பழங்கதையின் சட்டகம், காலையில் வேலைக்குச் சென்று தன் பிள்ளையின் பாற்செலவுக்காக அணுக்கலத்தின் தகட்டை ஒட்டவைக்கும் தொழிலாளியின் இக்கட்டைத் தன் நடுவிலே ஏற்கத்தக்கதாய் இருக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். விளக்குக்கூட்டின் வடிவத்தையேனும் பிள்ளை தீர்மானித்தது. இங்கே தீர்மானம் முன்னரே முடிந்திருந்தது. சரியான கருத்தாயினும், அதை மக்களின் கையில் வெறும் மேடைப்பொருளாகத் திணிக்கும்போது அவர்கள் அதனைக் கீழே போட்டுவிடுகின்றனர்.

இப்பாடத்தை இக்குழு கற்றது என்பதே அதன் பெருமை. அவர்கள் பரோவைவிட்டு ஓடவில்லை, கண்டித்தும் எழுதவில்லை, ஏழு ஆண்டுகள் அங்கே உழைத்தனர். 1987இல் நகரமண்டபத்தின் நூற்றாண்டு வந்தபோது, அந்தக் கட்டடத்தையே மேடையாக்கி மாபெரும் வீதி நிகழ்வை நடத்தினர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஊராரே எழுதவும் பாடவும் நடிக்கவும் உருவங்கள் செய்யவும் தொடங்கினர். 1990இல் ‘கப்பற்றுறைக் கதைகள்’ என்னும் பொருள்பட்ட நிகழ்ச்சித் தொடரிலே அவ்வேழாண்டுப் பணி நிறைவுற்றது. அதில் ‘பொன்னிற நீர்மூழ்கி’ என்றொரு படைப்பும் இருந்தது. இதன் சிறப்பை நாம் சற்று நின்று நோக்க வேண்டும். நீர்மூழ்கி என்பது அரச இரகசியம். அதைக் கட்டியவனும் அதைப் பற்றி வாய்திறக்கலாகாது. அத்தகைய பொருள் இப்போது ஊராரின் கற்பனைக்கு உரியதாயிற்று. கதைக்கவும் நகைக்கவும் திருப்பிப் பார்க்கவும் கூடியதாயிற்று. அதிகாரத்தின் பொருளை மக்களின் விளையாட்டுப் பொருளாக மாற்றுவதே மேடைப்பொருள் செய்வோனின் தனிவலிமை.

அதனால் நீர்மூழ்கி நின்றுவிட்டதா? நிற்கவில்லை. திரைடன்ட் ஏவுகணைகளைச் சுமக்கும் கலங்களில் முதலாவது 1992இல் நீரில் இறங்கியது. பனிப்போர் முடிந்தபின் அக்கப்பற்றுறையில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவ்வேலைகளைப் பறித்தது எந்த நாடகமும் அன்று. அரசினதும் முதலாளிகளினதும் கணக்கேயாகும். இன்றும் அங்கே அணுநீர்மூழ்கிகள் கட்டப்படுகின்றன. இதை மறைத்துக் கலையின் வெற்றியைப் பாடுவது நேர்மையாகாது. கலை தனியே உற்பத்தி உறவுகளை மாற்றிவிடாது. ஆனால் வாய்திறக்கலாகாததை வாய்திறந்து பேசப் பழக்கும். அதற்குமேல் அதனிடம் கேட்பது மிகை. அதற்குக் குறைவாகக் கேட்பது இழிவு.

அரசு இத்தகைய கலையிடம் வேறொன்றைக் கேட்டது. 1974இலேயே கலைக்கழகம் அமைத்த போல்ட்றி குழு, சமூகக் கலைக்குப் பொதுப்பணம் வழங்கலாம் என்று பரிந்துரைத்திருந்தது. பணம் வந்தது, பணத்தோடு பிடியும் வந்தது. மானியத்திலே தங்கியிருக்கும் சமூகக் கலை தன் அரசியற் குறிக்கோளை இழந்துவிடும் என்று 1984இல் ஓவன் கெல்லி எச்சரித்தார். 1997இல் பிரான்சுவா மத்தராசோ தம் ஆய்விலே, கலைகளில் பங்குபற்றுவதால் விளையும் சமூகப் பயன்களென ஐம்பதைப் பட்டியலிட்டார். அதே ஆண்டில் பதவிக்கு வந்த தொழிற்கட்சி அரசுக்கு அக்கருத்து உவப்பாயிற்று. நலிந்த குடியிருப்புகளைத் திருத்தும் கருவியாகக் கலையைக் கருதும் அறிக்கை 1999இல் வெளிவந்தது. இதற்கு 2002இல் பாவ்லா மேர்லி கூறிய மறுப்பு நம் கருத்துக்கு மிக நெருங்கியது. வறுமையைத் தாங்கத்தக்கதாக்குவது வறுமையை ஒழிப்பதாகாது என்பதே அவரது வாதத்தின் சாரம். தொழிற்சாலையை மூடிவிட்டு, அதன் வாயிலிலே பிள்ளைகளுக்குத் தூரிகை கொடுக்கும் அரசை நாம் வாழ்த்த முடியாது.

‘பொதுநல அரசு’க் குழுவும் இப்பிடியை உணர்ந்தது. 2006இல் அது தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. பல ஆண்டுகளுக்கு முன்னரே திட்டமிட்டு, இலக்குகளையும் பயன்களையும் படிவத்தின் கட்டங்களில் நிரப்பிக் காட்டும் நிறுவனமாக வாழ்வதற்குத் தாம் இதைத் தொடங்கவில்லை என்பதே பொக்ஸ் கூறிய காரணத்தின் கருத்து. குழு கலைந்தது, ஆனால் அல்வர்ஸ்டன் விளக்கூர்வலம் அதனோடு மறையவில்லை. ஊரார் அதைத் தம் பொறுப்பில் ஏற்றுத் தொடர்ந்தனர். கொம்பை எங்கே வெட்டுவது, தாளை எப்படித் தோய்ப்பது என்பதை அவர்கள் இருபத்துமூன்று ஆண்டுகளாகப் பழகியிருந்தனர். கலைஞன் போனபின் எஞ்சுவது என்ன என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

ஆகவே நாம் தேடிய அளவுகோல் இப்போது கிடைக்கிறது. பிள்ளைகளோடு சேர்ந்து செய்யப்படும் கலையை மூன்று வினாக்களால் சோதிக்கலாம். பிள்ளையின் கை மட்டும் அதில் இருக்கிறதா, முடிவெடுக்கும் உரிமையும் இருக்கிறதா? கற்பித்தவர் நீங்கிய பின்னர் தொழில் ஊரிலே தங்குகிறதா? ஊரின் உண்மையான இக்கட்டு அதனுள்ளே நுழையக் கதவு திறந்திருக்கிறதா? அல்வர்ஸ்டன் விளக்கு முதல் இரண்டிலும் தேறியது; மூன்றாவதில் குறைவு. ‘கிங் றியல்’ மூன்றாவது வினாவின் வாயில்வரை வந்து, முதலாவதிலே தடுமாறியது. பரோவின் ஏழாண்டுகள் மூன்றையும் ஒன்றாக்க முயன்றன. அம்முயற்சி முழுமையடையாவிடினும் மதிக்கத்தக்கது.

இவ்வினாக்களை அந்நிய நாட்டாரைச் சோதிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நேர்மையன்று. இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்திலே நமது பாடசாலை மைதானங்களில் எழும் இல்ல அலங்காரங்களை எண்ணிப் பார்ப்போம். கோட்டைகள் எழுகின்றன, கோபுரங்கள் எழுகின்றன, கப்பல்களும் எழுகின்றன. முதலிடத்துக்காக, பிள்ளைகள் உறங்கிய பின்னர் வளர்ந்தவர்களின் கைகள் அவற்றை முடித்துவைத்த இரவுகளைப் பல ஆசிரியர் அறிவர். காலையிலே பிள்ளைகள் வந்து அவற்றுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். நடுவர் புள்ளி வழங்குகிறார். அக்கோட்டையின் சட்டத்திலே ஒரு மூட்டையேனும் தானே கட்டிய பிள்ளை எத்தனை? எந்த உருவத்தை எழுப்புவது என்று பிள்ளைகளை ஒருமுறையேனும் கேட்டோமா? கடலோரக் கிராமத்துப் பிள்ளையின் தந்தை கடலில் என்ன இன்னலுறுகிறார் என்பதற்கு நமது கடதாசிக் கப்பலிலே இடமிருந்ததா?

மூங்கிலும் மாப்பசையும் பழைய பத்திரிகையும் நம்மிடம் இல்லாத பொருள்களல்ல. கூடு கட்டத் தெரிந்த கைகளும் ஒவ்வொரு ஊரிலும் உள்ளன. பெரும்பாலும் அவை கூலிவேலை செய்யும் கைகள். அவர்களைப் பாடசாலைக்கு அழைத்து, பிள்ளைகளுக்கு அருகிலே ஆசானாக அமர்த்துவதற்கு எந்தச் சுற்றுநிருபமும் தேவையில்லை. அழகு சற்றுக் குறையலாம், கோட்டை கொஞ்சம் சரியலாம், முதலிடம் கைநழுவலாம். அடுத்த ஆண்டு ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னரும் அப்பிள்ளைகள் தாமாகவே சிலாகை வெட்டத் தொடங்குவார்களாயின், அன்று நாம் கற்பித்தது கலை என்று துணிந்து சொல்லலாம்.